மண்ணைப் பிடித்த புல்

நாவல் எழுதுகிறவர்களுக்கு ஊரை விட்டுப் போகிறவர்கள் மேல் ஒரு தனிப் பிரியம் உண்டு. மூட்டை கட்டுகிறவன், வாசற்படியில் நின்று கடைசியாக ஒரு தரம் வீட்டைத் திரும்பிப் பார்க்கிறவள், வண்டிக்குப் பின்னால் ஓடி வரும் நாய்: இவையெல்லாம் எழுதுவதற்குச் சுலபம், படிப்பதற்கு உருக்கம். போகாமல் அங்கேயே நின்றுவிட்டவர்களைப் பற்றி எழுதுவதுதான் கஷ்டம். நின்றவன் என்ன செய்தான்? மறுநாள் காலையில் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டினான். அதை வைத்துக்கொண்டு எத்தனை அத்தியாயம் எழுத முடியும்?

ஜான் ஸ்டீன்பெக்கின் ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ 1939-ல் வெளிவந்தது. அதைப் படித்தவர்கள் ஜோட் குடும்பத்தை மறக்க மாட்டார்கள். ஓக்லஹோமாவில் நிலத்தை இழந்து, ஓட்டை லாரியில் ஏறிக் கலிபோர்னியாவுக்குப் பிழைக்கப் போனவர்கள். அமெரிக்கப் புழுதிப் புயல் என்றதுமே உலகத்துக்கு நினைவு வருவது அவர்கள்தாம். ஆனால் வேடிக்கையைப் பாருங்கள்: ஸ்டீன்பெக் அவர்களுக்குக் கொடுத்த ஊரான ஸாலிஸா அந்த மாகாணத்தின் கிழக்குக் கோடியில் இருக்கிறது. புயல் வீசிய பிரதேசமோ மேற்குக் கோடியில், 300 மைலுக்கு மேல் தள்ளி, கான்ஸாஸ், கொலராடோ, நியூ மெக்ஸிகோ, டெக்ஸாஸ் மாகாணங்களை ஒட்டிக் கிடக்கிறது. அங்கிருந்தும் ஜனங்கள் போனார்கள். சில மாவட்டங்களில் மூன்றில் ஒரு பங்கு பேர், அதற்கு மேலும்கூடப் போனார்கள். மற்றவர்கள் நின்றார்கள். நின்றவர்கள் செய்த காரியம் பார்ப்பதற்குக் கவர்ச்சியே இல்லாதது. அவர்கள் புல் விதைத்தார்கள், குட்டை வெட்டினார்கள். அந்தக் கதையைத்தான் நான் இங்கே சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் அந்தப் பூமியின் சுபாவத்தைச் சொல்ல வேண்டும். பெருஞ்சமவெளி என்று பெயர். கண்ணுக்கு எட்டிய மட்டும் மேடு பள்ளம் அதிகம் இல்லாத தரை. வருஷத்துக்குச் சுமார் 15 முதல் 20 அங்குலம் மழை. அதுவும் சொன்னபடி பெய்கிற மழை அல்ல. காற்றுக்கு மட்டும் குறைவே இல்லை. இந்தக் காற்றிலும் வெயிலிலும் மண்ணை இருந்த இடத்தில் இருத்தி வைத்திருந்தது ஒரு குட்டைப் புல். புளூ கிராமா, பஃபலோ கிராஸ் என்று அதில் இரண்டு முக்கியமான ஜாதிகள். மேலே தெரிவது கணுக்கால் உயரம். கீழே இறங்கும் வேர் பல அடி ஆழம். மணமக்களை வாழ்த்தும் நம் பெரியவர்கள் ஆலைப் போல் தழைக்கச் சொல்வதோடு நிறுத்தாமல், அறுகைப் போல் வேரூன்றவும் சொல்வார்கள் அல்லவா? அந்த இரண்டாவது வாழ்த்தின் பொருளை அந்தச் சமவெளியில் போய்ப் பார்க்கலாம். பஞ்சம் வந்தால் புல் பழுத்துப் படுத்துவிடும், செத்துவிடாது. ஒரு மழை பெய்தால் எழுந்து உட்காரும்.

அந்தப் புல்லைத் தின்று காட்டெருமைகள் லட்சக்கணக்கில் திரிந்தன. ஓரிடத்தில் நிற்காமல் மேய்ந்துகொண்டே போவது அவற்றின் வழக்கம். மேய்ந்த இடம் ஆறுவதற்கு அவகாசம் இருந்தது. அந்த எருமைகளை நம்பிக் கோமாஞ்சிகளும் கயோவாக்களும் வாழ்ந்தார்கள். 1870-களில் எருமைகளைத் தோலுக்காகச் சுட்டுத் தீர்த்தார்கள். 1875-க்குள் அந்த மக்களையும் ஒதுக்குப்புறமான இடங்களுக்குத் தள்ளி ஆயிற்று. புல்லுக்குச் சொந்தக்காரர்கள் மாறினார்கள்.

வந்தவர்கள் கலப்பையோடு வந்தார்கள். 1862-ம் வருஷத்துச் சட்டம் குடியேறியவனுக்கு 160 ஏக்கர் கொடுத்தது. வறண்ட சீமைக்கு அது போதாது என்று 1909-ல் 320 ஏக்கர் ஆக்கினார்கள். ஏர் பூட்டினால் மழை தானே பின்தொடர்ந்து வரும் என்று நிலத் தரகர்களும் ரயில்வே விளம்பரக்காரர்களும் சொன்னார்கள்; படித்தவர்களும் அதை நம்பினார்கள். முதல் உலக யுத்தம் வந்தது. கோதுமை புஷெல் 2 டாலருக்கு மேல் போயிற்று. யுத்தம் முடிந்து விலை இறங்கிய பிறகு, அதே வருமானம் வேண்டுமானால் அதிக நிலத்தை உழ வேண்டும் என்று ஆகிவிட்டது. டிராக்டரும், ஒரே பக்கமாக மண்ணைப் புரட்டித் தூளாக்கும் வட்டுக் கலப்பையும் கைக்கு வந்தன. 1925-க்கும் 1930-க்கும் நடுவில், அந்தத் தெற்குச் சமவெளியில் மட்டும் சுமார் 52 லட்சம் ஏக்கர் புல்தரையைக் கீறிப் போட்டார்கள். ஊரில் குடியிருக்காமல், விதைக்க ஒரு தரமும் அறுக்க ஒரு தரமும் பெட்டியோடு வந்து போகும் ஆசாமிகளும் அதில் சேர்த்தி. இவர்களுக்குப் ‘பெட்டிக் குடியானவர்கள்’ என்று கேலிப் பெயர்.

1931-ல் அமோக விளைச்சல். விலை பல இடங்களில் அரை டாலருக்கும் கீழே இறங்கிவிட்டது. அறுத்ததற்கே கூலி கட்டவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து மழை இல்லை. உழுத நிலம் உழுதபடி, மேலே ஒரு துரும்பும் இல்லாமல் காற்றுக்குக் காத்துக் கிடந்தது.

காற்று வந்தது. 1934 மே மாதம் எழுந்த ஒரு புயல் இரண்டு மூன்று நாட்களில் நியூ யார்க்கையும் வாஷிங்டனையும் மூடியது. அட்லாண்டிக் கடலில் போய்க்கொண்டிருந்த கப்பல்களின் மேல்தட்டிலே சமவெளியின் மண் படிந்தது. 1935 ஏப்ரல் 14, குருத்தோலை ஞாயிற்றுக்கிழமை, நல்ல பகலில் ஒரு கறுப்பு மதில் வடக்கிலிருந்து நகர்ந்து வந்தது. வீட்டுக்குள் விளக்கேற்றியும் எதிரில் இருப்பவர் முகம் தெரியவில்லை என்று அகப்பட்டுக்கொண்டவர்கள் சொன்னார்கள். மறுநாள் ராபர்ட் கைகர் என்ற பத்திரிகை நிருபர் எழுதிய செய்தியிலிருந்துதான் ‘டஸ்ட் பௌல்’ என்ற பெயர் அந்தப் பிரதேசத்துக்கு நிலைத்தது. புழுதிக் கிண்ணம் என்று நாம் சொல்லலாம்.

ஓக்லஹோமாவின் மேற்கு வாலில், ஈவா என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், காரலின் ஹெண்டர்சன் என்ற பெண்மணி கணவரோடு பயிர் செய்துகொண்டிருந்தார். கல்லூரியில் படித்தவர், 1907-ல் தன்னந்தனியாக வந்து நிலம் பதிந்துகொண்டவர். அவர் எழுதிய கடிதங்களை ‘அட்லாண்டிக்’ மாதப் பத்திரிகை 1936-ல் வெளியிட்டது. ஜன்னல் சந்துகளை அடைப்பது, சோற்றுத் தட்டைக் கவிழ்த்து வைப்பது, இருக்கிற மாட்டைக் காப்பாற்றுவது என்று அன்றாட விஷயங்களைத்தான் அவர் எழுதினார். ஆனால் அவரும் கணவரும் அந்த இடத்தை விட்டுப் போகவில்லை. அதற்குப் பிறகும் வருஷக்கணக்கில் அங்கேயே இருந்தார்கள்.

இனி இந்தக் கதையில் ஒரு சர்க்கார் உத்தியோகஸ்தர் வருகிறார். ஹியூ ஹாமண்ட் பெனட் என்று பெயர். வட கரோலினாவில் பருத்தி விளையும் ஆன்ஸன் மாவட்டத்தில் 1881-ல் பிறந்தவர். 1905-ல் வர்ஜீனியாவில் நிலம் அளக்கப் போனபோது, ஒரே சரிவில் காடும் வயலும் அடுத்தடுத்து இருந்ததைக் கவனித்தார். காட்டுத் தரை கை விட்டால் உதிரும் பொலபொலப்பான மண். பக்கத்து வயலில் அந்த மண்ணே இல்லை; அடியிலிருந்த இறுகிய களிதான் மேலே வந்திருந்தது. பெரிய வெள்ளம் ஒன்றும் வரவில்லை. ஒவ்வொரு மழையும் காகிதக் கனத்துக்கு ஒரு பரப்பைக் கழுவிக்கொண்டு போயிருக்கிறது, உழுதவனுக்கே தெரியவில்லை. அந்தக் காலத்தில் அவருடைய இலாகாவே, மண் என்பது தீர்ந்து போகாத சொத்து என்று அச்சடித்து வெளியிட்டிருந்தது. பெனட் ஆயுள் முழுவதும் அந்தக் கருத்தோடு சண்டை போட்டார். 1928-ல் மண்ணரிப்பு தேசத்துக்கே ஆபத்து என்று ஒரு சிறு பிரசுரம் எழுதினார். 1933-ல் தற்காலிகமாக ஓர் இலாகா கொடுத்தார்கள். அதை நிரந்தரமாக்குவது பற்றி 1935-ல் செனட் குழு முன்னால் அவர் பேசிக்கொண்டிருந்தபோது, மேற்கேயிருந்து புழுதி மேகம் வருகிறது என்று தெரிந்து பேச்சை வேண்டுமென்றே நீட்டினார் என்றும், ஜன்னல் இருண்டதும் உறுப்பினர்கள் வாயடைத்துப் போனார்கள் என்றும் ஒரு கதை சொல்வார்கள். கதையில் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். சட்டம் 1935 ஏப்ரல் 27-ல் நிறைவேறியது நிச்சயம். மண் பாதுகாப்பு இலாகா பிறந்தது.

சட்டம் போட்டால் புல் முளைத்துவிடுமா? உழுத புல்தரையைத் தானாக விட்டால் பழைய புல் திரும்பிவரப் பல பத்தாண்டுகள் ஆகும். கையால் விதைக்கலாம் என்றால், நாட்டுப் புல்லின் விதை எந்தக் கடையில் விற்கிறது? உழாமல் தப்பிய மேய்ச்சல் நிலங்களில் போய்ச் சேகரித்தார்கள். அது கோதுமை மாதிரி உருண்டு விழும் விதை அல்ல. பஞ்சும் சுணையுமாக ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு, விதைக்கும் யந்திரத்தின் குழாயை அடைத்துக்கொள்ளும். யந்திரத்தைத் திருத்த வேண்டியிருந்தது. விதையைப் பெருக்கத் தனி நாற்றுப் பண்ணைகள் வைத்தார்கள். வடக்கே குளிர் அதிகமான பகுதிகளுக்குச் சைபீரியப் பக்கத்திலிருந்து வந்த வேறொரு புல்லைப் பயன்படுத்தினார்கள்.

வெறும் மண்ணில் விதைத்தால் முளை தலை நீட்டுவதற்குள் மணல் அடித்து அறுத்துவிடும். ஆகையால் முதலில் காற்றுக்குக் குறுக்காக ஆழமான சால் ஓட்டி மணலின் ஓட்டத்தைத் தடுத்தார்கள். பிறகு சோளம் விதைத்தார்கள். அது தானியத்துக்காக அல்ல. கதிரை அறுத்துவிட்டு அடித்தட்டைகளை உயரமாக நிறுத்தி வைப்பதற்காக. அடுத்த வருஷம் அந்தத் தட்டைகளின் நடுவே, அவற்றின் நிழலிலும் மறைவிலும், புல் விதையை இட்டார்கள். குழந்தையைத் தூங்கவைக்கக் காற்றுக்கு மறைவாகப் புடவைத் தலைப்பைப் பிடிக்கிற மாதிரிதான். பிறகு எல்லாவற்றையும்விடக் கஷ்டமான வேலை: இரண்டு மூன்று வருஷம் அதில் மாட்டை விடாமல் இருப்பது. வீட்டில் மாடு எலும்பும் தோலுமாக நிற்கிறது. கண்ணெதிரே பச்சை தெரிகிறது. கட்டிப்போட்ட கயிற்றை அவிழ்க்காமல் இருக்க எவ்வளவு மனோதிடம் வேண்டும் என்பது மாடு வளர்த்தவர்களுக்குத் தெரியும்.

புல் வந்த பிறகு தண்ணீர்ப் பிரச்னை எழுந்தது. இது எனக்கு மிகவும் ரசமாகப்பட்ட பகுதி. மேய்ச்சல் நிலம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், மாடு தண்ணீரை விட்டு ஒரு மைல், மிஞ்சினால் இரண்டு மைல் போகும். அதற்கு மேல் போக அதற்கு மனம் வராது. பண்ணைக்கு ஒரே ஒரு காற்றாடிக் கிணறு இருந்தால் அதைச் சுற்றியே மேயும். கிணற்றடியில் புல் வேரோடு போய் வட்டமாகக் கட்டாந்தரை விழும். அடுத்த காற்றில் அந்த வட்டத்திலிருந்துதான் புழுதி கிளம்பும். தூரத்தில் புல் தின்பாரற்றுக் கிடக்கும். ஆகவே புல்லைக் காப்பாற்ற வேண்டுமானால் தண்ணீரைப் பல இடங்களில் பிரித்து வைக்க வேண்டும். இங்கே ஒரு குட்டை, அங்கே ஒரு கிணறு, இன்னோரிடத்தில் குழாய் போட்டு ஒரு தொட்டி. நடுவில் வேலி. இந்தத் துண்டு மேயும்போது அந்தத் துண்டு ஓய்வெடுக்கும். காட்டெருமை தன் போக்கில் செய்துவந்ததை இப்போது மனிதன் வேலி போட்டுச் செய்ய வேண்டியிருந்தது.

குட்டைக்கும் புல் வேண்டும். மேலே உள்ள நீர்ப்பிடிப்பு உழுத நிலமாக இருந்தால் சில வருஷங்களிலேயே குட்டை வண்டல் அடித்துத் தூர்ந்துவிடும். அதனால் முதலில் மேலே புல், பிறகுதான் கீழே குட்டை. கரைக்கு அடியில் பள்ளம் வெட்டிக் களிமண்ணைப் போட்டு இறுக்குவார்கள். கரையின் மேல் புல் பதிப்பார்கள். நம் ஏரிகளில் மிகுநீர் போகக் கல்லால் கலிங்கு கட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறோம். அவர்களுடைய குட்டைகள் பலவற்றில் கலிங்கே புல்தான்: ஓரமாக அகன்ற வழி விட்டு, அதில் அடர்த்தியாகப் புல் வளர்த்துவிடுவார்கள், வெள்ளம் அதன்மேல் வழிந்து போகும், மண் போகாது. மாடு குட்டைக்குள் இறங்கிக் கலக்காமல் சுற்றிலும் வேலி போட்டு, கரைக்கடியில் குழாய் வைத்து, கீழே தொட்டியில் தண்ணீர் காட்டுவார்கள். புல்லில்லாத குட்டை தூர்ந்து போகும். குட்டையில்லாத புல் மிதிபட்டுப் போகும். இரண்டும் கணவன் மனைவி மாதிரி.

இதையெல்லாம் ஒருவன் மட்டும் செய்து பயனில்லை. பக்கத்து நிலக்காரன் வெறுமனே போட்டிருந்தால் அவன் மணல் வந்து இவன் புல்லை மூடும். ஆகையால் 1937-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் எல்லா மாகாண கவர்னர்களுக்கும் ஒரு மாதிரிச் சட்டத்தை அனுப்பினார். குடியானவர்களே கூடி மண் பாதுகாப்பு வட்டாரங்களை அமைத்துக்கொள்ள வழி செய்யச் சொன்னார். அதே வருஷம் ஆகஸ்டில் அமைந்த முதல் வட்டாரத்தில் பெனட் பிறந்த ஆன்ஸன் மாவட்டமே அடங்கியிருந்தது. அறவே மீட்க முடியாத நிலங்களைச் சர்க்கார் விலைக்கு வாங்கியது. கான்ஸாஸின் தென்மேற்கு மூலையில் மார்ட்டன் மாவட்டத்தில் மட்டும் ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல் வாங்கிப் புல் விதைத்தார்கள். 1960-ல் அதற்குச் ‘ஸிமரான் தேசியப் புல்வெளி’ என்று பெயர் சூட்டினார்கள்.

இந்த இடத்தில் ‘சுபம்’ என்று போட்டு முடித்துவிட ஆசைதான். சரித்திரம் நாவலாசிரியன் சொல்படி நடப்பதில்லை. 1940-ஐ ஒட்டி மழை திரும்பியது. இரண்டாவது யுத்தமும் வந்தது. கோதுமை விலை ஏறியது. புழுதியைத் தின்ற அதே ஜனங்கள் மறுபடியும் புல்லை உழுதார்கள். 1950-களில் மறுபடி பஞ்சம். 1954-ல் மறுபடி புழுதி. அப்போது சர்க்கார் ஒரு புதிய யோசனை செய்தது. 1956-ல் வந்த பெருஞ்சமவெளிப் பாதுகாப்புத் திட்டத்தில், புல் விதைக்க, குட்டை வெட்ட, வேலி போடச் செலவில் பங்கு கொடுத்து, பதிலுக்குக் குடியானவனோடு பல வருஷ ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். 1972-ல் சோவியத் ரஷ்யா ஏராளமாகக் கோதுமை வாங்கியது. வேலி ஓரம் வரை விதையுங்கள் என்ற கோஷம் எழுந்தது. புல்தரைகளை உழுதார்கள். ரூஸ்வெல்ட் காலத்தில் 1935 முதல் 1942 வரை காற்றைத் தடுக்க நட்ட 20 கோடிக்கு மேற்பட்ட மரங்களில் பலவற்றையும் வெட்டிச் சாய்த்தார்கள்.

1985-ல் இன்னும் பெரிய திட்டம் வந்தது. அரிக்கும் நிலத்தை 10 முதல் 15 வருஷம் உழாமல் புல்லுக்கு விட்டால் வருஷா வருஷம் குத்தகைப் பணம். புல் விதைக்கும் செலவிலும் பாதி. 2007-ல் இந்த ஒப்பந்தத்தின் கீழ் 3 கோடியே 68 லட்சம் ஏக்கர் இருந்தது. அப்புறம் சோளத்திலிருந்து, அதாவது மக்காச்சோளத்திலிருந்து, மோட்டாருக்கு எத்தனால் எடுக்கும் மோகம் பிறந்து தானிய விலை ஏறியது. பார்லிமெண்டும் திட்டத்தின் அளவைக் குறைத்தது. பத்தே வருஷத்தில் பரப்பு 2 கோடியே 40 லட்சம் ஏக்கருக்கும் கீழே போயிற்று.

தண்ணீரின் கதையும் இப்படித்தான். குட்டை வெட்டி மழையைத் தேக்கினவர்கள், யுத்தத்துக்குப் பிறகு சக்தி வாய்ந்த பம்புகளை இறக்கினார்கள். 8 மாகாணங்களின் அடியில் பரந்து கிடக்கும் ஓகலாலா என்ற நிலத்தடி நீரை எடுத்து, வானத்தை எதிர்பார்க்காமல் வட்ட வட்டமாகப் பயிர் செய்தார்கள். சமவெளி பசுமையாயிற்று. ஆனால் அந்த நீர் ஆயிரக்கணக்கான வருஷங்கள் சேர்ந்த நீர். டெக்ஸாஸிலும் கான்ஸாஸிலும் சில இடங்களில் அது 100 அடிக்கு மேல் இறங்கிவிட்டது. பம்பு காற்றை இழுக்கும் நாளில் அந்த வயல்களும் மறுபடி மானம் பார்த்த பூமிதான். அப்போது அவற்றுக்கும் புல் விதை தேட வேண்டியிருக்கும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, ‘என்ன மடையர்கள்!’ என்று நாம் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. கடன்காரன் வாசலில் நிற்கும்போது, விலை ஏறிய வருஷத்தில், சொந்த நிலத்தைப் புல்லுக்கு விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க எத்தனை பேரால் முடியும்? தனி மனிதனுடைய நல்ல புத்தியை மட்டும் நம்பி மண்ணை விட்டுவைக்க முடியாது என்பதைத்தான் அந்தச் சமவெளி மூன்று தரம் சொல்லிக் காட்டியிருக்கிறது. பயம் வந்த வருஷத்தில் எல்லோரும் புல் விதைக்கிறார்கள். ஆசை வந்த வருஷத்தில் உழுதுவிடுகிறார்கள். ஆகையால் பயம் இருக்கும்போதே ஆசையைக் கட்டும்படியான ஏற்பாடு ஒன்றை, பக்கத்து நிலக்காரனையும் சாட்சி வைத்து, எழுதிக்கொண்டுவிட வேண்டும். அந்த எழுத்துக்கு ஈடாகக் குடியானவனுடைய அடுப்பு எரியவும் வழி செய்ய வேண்டும். பெனட் 1951 வரை உத்தியோகத்தில் இருந்து, 1960-ல் காலமானார். அவர் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்ததன் சாரம் அவ்வளவுதான்.

ஸிமரான் புல்வெளியில் இன்று மாடுகள் மேய்கின்றன. தொட்டிகளில் தண்ணீர் நிற்கிறது. தெரியாதவர்கள் பார்த்தால் என்றைக்கும் இப்படியே இருந்த காடு என்று நினைத்துக்கொள்வார்கள். ஒரு காலத்தில் அங்கே மணல் மேடுகள் வேலியை மூடி நின்றன. யாரோ சோளத்தட்டை நட்டு வைத்து, அதன் மறைவில் ஒவ்வொரு விதையாக முளைக்கக் காத்திருந்தார்கள். அவர்கள் பெயர் எந்த நாவலிலும் இல்லை. அவர்கள் நின்ற இடத்தில் மண் இருக்கிறது.